தண்ணி வண்டி

வடபழனி சிக்னலில் பச்சை விழுந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன். கார் நன்றாக உறுமியது, நகரவில்லை. டேஷ்போர்டில் 'டி' இருக்கவேண்டிய இடத்தில் 'என்' என்ற எழுத்து மினுக்கிக்கொண்டிருந்தது. 'என்' என்றால் நியூட்ரல். கார் திடீரென்று நடுநிலை வகிக்க ஆரம்பித்துவிட்டது. பின்னால் நின்ற மாநகரப் பேருந்துக்கு நடுநிலையில் நம்பிக்கை இல்லை. அதன் ஹாரன் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

இரண்டு கல்லூரிப் பையன்களும் ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிளும் தள்ளி ஓரத்தில் விட்டார்கள். "ஆட்டோமேட்டிக்கா சார்? இதான் பிரச்னை. கியர் வண்டின்னா தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்றார் கான்ஸ்டபிள். என் இடது முழங்காலைப் பற்றி அவருக்கு எப்படிச் சொல்வது? கிளட்ச் மிதித்து மிதித்து அது தேய்ந்துபோனதால்தான், மகள் வற்புறுத்தி 2016-ல் இந்தச் சின்னக் காரை வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். கதையில் வரும் தப்பு கம்பெனியுடையது இல்லை.

இங்கே கொஞ்சம் இயந்திரம் பேசவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு பத்திதான். நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஏ.எம்.டி. என்கிற ரகம். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த பிறகு பரவலானது. உள்ளே இருப்பது சாதாரண கியர் பெட்டிதான், சாதாரண கிளட்ச்தான். கிளட்ச் மிதிக்க ஒரு இயந்திரக் காலையும், கியர் மாற்ற ஒரு இயந்திரக் கையையும் வைத்துவிட்டு, இரண்டுக்கும் உத்தரவு போட ஒரு மாட்யூலை வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு டப்பா மூடி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. வண்டி என்ன வேகம், கால் எதன்மேல் இருக்கிறது, எந்த கியர் என்று கேட்டுக் கேட்டு முடிவெடுக்கும். இதைவிட முக்கியமான வேலை ஒன்றும் செய்கிறது. கிளட்ச் எந்த இடத்தில் கவ்வுகிறது என்று பழகி ஞாபகம் வைத்துக்கொள்ளும். கிளட்ச் தேயத் தேய, அந்த ஞாபகத்தையும் திருத்திக்கொண்டே வரும். முப்பது வருஷம் கூட இருந்த மனைவிக்குக் கணவனின் கோபம் எந்தப் புள்ளியில் கிளம்பும் என்று தெரிவதுபோல.

என் காரில் செத்துப்போனது இந்த மாட்யூல்தான்.

"புதுசு போட்டா கூலியோட நாப்பத்தாறு ஆகும் சார்" என்றான் மெக்கானிக் தம்பி. நாற்பத்தாறு என்றால் 46,000. "புதுப்பேட்டைல பழசு கெடைக்கும். பார்ட் நம்பர் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும். கொண்டாங்க, நான் ஸ்கேனர் போட்டு பழைய ஞாபகத்தை அழிச்சு, நம்ம கிளட்சைச் சொல்லிக்குடுத்துடறேன்."

நம் எல்லோருக்குமே இப்படி ஒரு ஸ்கேனர் தேவைப்படுகிறது. அது இருக்கட்டும்.

எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே, கூவத்தை ஒட்டி இருக்கிறது புதுப்பேட்டை. ஆதித்தனார் சாலையில் இறங்கி உள்ளே போனால், உலகத்தில் ஓடிய எல்லா வண்டிகளும் இங்கேதான் வந்து மோட்சம் அடைகின்றனவோ என்று தோன்றும். ஒரு கடை முழுக்கக் கதவுகள். ஒரு கடை முழுக்க ஹெட்லைட்டுகள், ஆயிரம் கண்ணுடையாள் மாதிரி. அந்தப் பேட்டையைப் பற்றிச் சென்னையில் தலைமுறை தலைமுறையாக ஒரு ஜோக் உண்டு. காரை அங்கே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவர், திரும்பி வந்து தன் காரின் பாகங்களையே விலைக்கு வாங்கிக்கொண்டு போனாராம். நானும் அந்த ஜோக்கைச் சிரித்துக்கொண்டே பலரிடம் சொன்னவன்தான். அதனால் ஏமாறக்கூடாது என்ற தீர்மானத்தோடு போனேன்.

எலெக்ட்ரானிக் சமாச்சாரம் மட்டும் விற்கிற சின்னக் கடை. கல்லாவில் ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். பழைய மாட்யூலைக் கொடுத்தேன். ஸ்டிக்கரில் இருந்த நம்பரைப் படித்துவிட்டு, உள்ளே போய் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது ஒம்பதாயிரத்து ஐந்நூறு. இது ஆறாயிரம்."

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரே நம்பர். ஒரே கறுப்பு.

"என்னங்க வித்தியாசம்?"

"அது இடி வண்டி. இது தண்ணி வண்டி."

சென்னைத் தமிழில் தண்ணி வண்டி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மிக்ஜாம் புயல்ல முங்குன வண்டி சார். 2023 டிசம்பர். இன்சூரன்ஸ் கம்பெனி ஏலத்துல எடுத்தது. மொத்தமா முங்கலை, ஆனா தண்ணி ஏறியிருக்கு. இப்போதைக்கு வேலை செய்யுது. நாளைக்கு உள்ள களிம்பு புடிச்சா என்னைக் கேக்கக் கூடாது. செக்கிங் வாரண்டிதான். மாட்டிப் பாருங்க, ஓடலைன்னா மாத்திக் குடுப்பேன். ஓடிடுச்சுன்னா அதுக்கப்புறம் உங்க அதிர்ஷ்டம்."

ஏலப் பேப்பரின் ஜெராக்ஸையும் எடுத்துக் காட்டினார். நான் கேட்கவே இல்லை.

அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. இரண்டையும் 9,500 என்று சொல்லியிருந்தால்? நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்ததாக நினைத்துக்கொண்டு, தண்ணி வண்டியையே வாங்கி வந்திருப்பேன்.

ஜெர்மன் தத்துவ ஞானி கான்ட், 1785-ல் வெளியான நூலில் ஒரு கடைக்காரரை உதாரணம் காட்டுகிறார். விவரம் தெரியாதவரிடமும் அதிக விலை வாங்காத கடைக்காரர். ஆனால், அவர் நேர்மைக்காகச் செய்கிறாரா, வியாபாரம் கெட்டுவிடக்கூடாதே என்று செய்கிறாரா? பின்னதென்றால் அதற்கு அறம் என்ற பெயரைக் கொடுக்க கான்ட் தயாராக இல்லை. புதுப்பேட்டைக்காரரும் நாளைக்கு நான் வந்து சட்டையைப் பிடிக்கக்கூடாது என்றுதான் சொல்லியிருப்பார். இருக்கட்டுமே. கான்ட் பாஸ் மார்க் போடாவிட்டாலும், தண்ணீர் ஏறிய பெட்டி எது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. வாங்குகிறவனுக்கு அதுதான் வேண்டும்.

அவர் அவ்வளவு சொல்லியும் நான் எதை வாங்கினேன்?

ஆறாயிரத்தைத்தான் வாங்கினேன். மூவாயிரத்து ஐந்நூறு மிச்சம். துண்டுச் சீட்டில் பில் எழுதிக் கொடுத்தார். பார்ட் நம்பர், தேதி, ரூ.6,000. அதற்குக் கீழே, 'தண்ணி' என்று தமிழில். அடிக்கோடு வேறு.

மெக்கானிக் தம்பி பின்களைப் பார்த்தான், ஊதினான், ஏதோ ஸ்பிரே அடித்துத் துடைத்தான். மாட்டி, ஸ்கேனர் போட்டு, ஞாபகத்தை அழித்து, புது ஞாபகம் கொடுத்தான். கார் ஓடியது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினாலு மாதம். நடுவில் இரண்டே இரண்டு தடவை, ஒரு முறை அடை மழையில், ஒரு முறை காரணமே இல்லாமல், 'என்' மினுக்கியது. ஆஃப் செய்து ஆன் செய்தேன். சரியாகிவிட்டது. வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் முழங்காலுக்கு ஆபரேஷன். "இனிமே நீங்க ஓட்டவேண்டாம்" என்று வீட்டில் உத்தரவு. காரை விற்க முடிவு செய்தோம்.

வாங்க வந்தது ஒரு பெண். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் மகளைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். "நைட் டியூட்டி முடிஞ்சு வர்றப்ப கேப் கிடைக்க மாட்டேங்குது அங்கிள். எனக்கு கியர் வண்டி வராது, இதுதான் கத்துக்கிட்டேன்" என்றாள். கணவனும் வந்திருந்தான். பானெட்டைத் திறந்து பார்த்து, ஒன்றும் புரியாமல் மூடினான். நான் அதைக் கவனித்தேன். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். கார் தேவதை மாதிரி நடந்துகொண்டது. 3,40,000-க்குப் பேசி முடித்து 10,000 அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

போகும்போது அவள் சொன்னாள். "மெக்கானிக் யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. உங்களப் பாத்ததும் வேணாம்னு தோணிடுச்சு அங்கிள்."

நான் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகை அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

வக்கீல் நண்பனுக்கு போன் போட்டேன். "பொய் சொன்னியா?" என்றான். இல்லை என்றேன். "மாட்யூல் மாத்தினதான்னு கேட்டாங்களா?" கேட்கவில்லை. "அப்புறம் என்ன? வாங்கறவன்தான் பாத்து வாங்கணும். 1872-லயே எழுதி வெச்சுட்டான், இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 17. சும்மா பேசாம இருக்கறது மோசடி ஆகாது. குதிரை உதாரணமே இருக்கு. நிம்மதியாத் தூங்கு."

தூங்காமல் அந்தப் பிரிவைத் தேடிப் படித்தேன். நண்பன் சொன்னது சரிதான். ஒருவர் தன் குதிரைக்குக் கோளாறு இருப்பது தெரிந்தே ஏலத்தில் விற்கிறார். வாங்குகிறவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மோசடி இல்லை என்கிறது சட்டம். நிம்மதியாக மூடியிருக்கலாம். ஆனால், அதற்குக் கீழே இன்னும் உதாரணங்கள் இருந்தன. வக்கீல்கள் தங்கள் கட்சிக்குச் சாதகமான வரியோடு நிறுத்திவிடுவது தொழில் தர்மம்.

இரண்டாவது உதாரணத்தில் அதே குதிரை, அதே கோளாறு. வாங்குகிறவர் மட்டும் வேறு. அவள் விற்பவருடைய மகள், இப்போதுதான் மேஜரானவள். இங்கே சொல்லியே ஆகவேண்டும் என்கிறது சட்டம். உறவே அந்தக் கடமையை உண்டாக்கிவிடுகிறதாம்.

மூன்றாவதில், வாங்குகிறவர் சொல்கிறார்: நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன். விற்பவர் வாயைத் திறக்கவில்லை. அப்போது அந்த மௌனமே பேச்சு.

ராத்திரி ஒன்றரை மணிக்கு ஹாலில் உட்கார்ந்து நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய குதிரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என் மகள் இல்லை. 'மறுக்காவிட்டால்' என்று நிபந்தனையும் போடவில்லை. 'உங்களப் பாத்ததும் வேணாம்னு தோணிடுச்சு' என்றுதான் சொன்னாள். சட்டப்படி அது எந்த உதாரணத்தில் வரும்? வக்கீலைக் கேட்டால் எதிலும் வராது என்பான். கோர்ட்டில் அவன் ஜெயிக்கக்கூடும்.

இது புதுச் சண்டையும் இல்லை. கி.மு. 44-ல் ரோம் நகரத்து சிசரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்குக் கடமைகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி அனுப்பினார். அதில் ஒருவர் வீட்டை விற்கிறார். எல்லா அறையிலும் பாம்பு வருகிறது, மரமெல்லாம் உளுத்துப்போய் இடியும் நிலையில் இருக்கிறது, விற்பவரைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லவேண்டுமா? டயோஜனிஸ் என்று ஒருவர் (பீப்பாயில் வாழ்ந்த டயோஜனிஸ் வேறு ஆள், இவர் பாபிலோன்காரர்) வேண்டாம் என்கிறார். வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினாரா? தன் பொருளின் குறையைத் தானே கூவி விற்கிற முட்டாள் உண்டா? அவருடைய சீடர் ஆன்டிபேட்டர் குருவை மறுக்கிறார். வழி தப்பியவனுக்கு வழி சொல்லாமல் இருப்பதைவிட மோசம் இது, தெரிந்தே தப்பான வழியில் அனுப்புவது என்கிறார். சிசரோவின் தீர்ப்பு சீடர் பக்கம். வாயைத் திறக்காத எல்லாவற்றையும் அவர் மறைத்தல் என்று சொல்லவில்லை. உனக்குத் தெரிந்ததை, அது தெரிந்தால் பயன்படக்கூடிய ஒருவரிடம், உன் லாபத்துக்காகச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் அது மறைத்தல் என்கிறார்.

எனக்கு அந்தப் பாம்பு பிடித்திருந்தது. என் காரில் இருந்ததும் பாம்பு மாதிரிதான். பதினாலு மாதத்தில் இரண்டு முறை தலையை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.

தமிழில் ஒரு விஷயம் உண்டு. 'பகர்தல்' என்றால் சொல்லுதல். நமக்கெல்லாம் அந்த அர்த்தம் மட்டும்தான் தெரியும். ஆனால், பழைய இலக்கியத்தில் பகர்தல் என்றால் விற்றல் என்றும் பொருள். சிலப்பதிகாரத்துப் புகார் வீதிகளில் திரிகிற வியாபாரிகள் 'பகர்வனர்'தான். கூவி விற்றதால் வந்த பொருளாக இருக்கலாம். தமிழாசிரியர்கள் திருத்தட்டும். புதுப்பேட்டைக் கல்லாவில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி 'அது இடி வண்டி, இது தண்ணி வண்டி' என்றவர் அந்த வகை. நான் எட்டு மணிக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு புன்னகை செய்த வகை. ஜோக் சொல்லிக்கொண்டு திரிந்தது நான், யாரைப் பற்றி என்பதுதான் உறுத்தியது.

இன்னொன்றும் உறுத்தியது. அந்தக் கார் நின்றால் எங்கே நிற்கும்? எனக்கு நின்றது பட்டப்பகலில், சிக்னலில், கான்ஸ்டபிளுக்குப் பத்தடி தூரத்தில். அவளுக்கு நின்றால் ராத்திரி இரண்டு மணிக்கு, ஏதாவது மேம்பாலத்தின் நடுவில். பின்னால் வருவது மணல் லாரியாக இருக்கலாம்.

காலையில் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணி, ஆறாயிரம், இரண்டு தடவை மினுக்கியது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நேத்து ஏன் அங்கிள் சொல்லலை?"

இதற்கு நான் தயாராக இல்லை. பாராட்டுவாள் என்று ஏதோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன். "மறந்துட்டேம்மா" என்றேன். பாருங்கள், உண்மை சொல்ல எடுத்த போனில் ஒரு பொய்.

"புதுசு போட்டுக் குடுத்துடறீங்களா?"

46,000. மனசு கணக்குப் போட்டது. "பாதி நான் போட்டுக்கறேன்மா, பாதி நீங்க..." என்று இழுத்தேன். தண்ணியேறிய பெட்டியை நானே தெரிந்து வாங்கி மாட்டியிருக்கிறேன், அதற்கு அவள் எதற்காகப் பாதி தரவேண்டும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டதாலேயே ஏதோ தள்ளுபடிக்குத் தகுதி பெற்றுவிட்டதுபோல ஒரு நினைப்பு.

கணவனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மத்தியானம் அவன் வந்து அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனான். காபி குடிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். சொன்னதுக்கு இதுதானா பலன்? சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் ஆர்.சி. புக் மாறியிருக்கும். பொருளாதாரத்தில் இதற்கு ஒரு கட்டுரையே இருக்கிறது. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கர் 1970-ல் எழுதியது, பழைய கார் சந்தையைப் பற்றி. மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. 2001-ல் நோபல் பரிசு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது, எல்லாக் காரையும் ஓட்டை என்று சந்தேகித்தே விலை கேட்பார்கள். அந்த விலைக்கு நல்ல காரை எவனும் விற்க மாட்டான். மிஞ்சுவது ஓட்டைகள்தான். என் மனைவியிடம் இதை விளக்கினேன். "அப்ப புதுசு போட்டுக் குடுக்கவேண்டியதுதானே" என்றாள். நோபல் கமிட்டிக்கு இந்த மாதிரி ஒரு மனைவி வேண்டும்.

நான் புதுசு போடவில்லை. முழங்கால் ஆபரேஷன் செலவு, அது, இது என்று காரணம் சொன்னேன். அந்த வாரக் கடைசியில் பழைய கார் வாங்கி விற்கும் டீலர் ஒருவருக்குச் சொல்லியனுப்பினேன்.

டீலர் அனுப்பிய பையன் சுறுசுறுப்பானவன். டயரை உதைத்தான், பெயின்ட்டில் விரலால் தட்டினான், ஓட்டிப் பார்த்தான். 2,90,000 என்றான். சரி, இவனிடம் முதலிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். அனுபவம்.

"தம்பி, ஒரு விஷயம். இந்த வண்டியில கியர் மாட்யூல்..."

"சார் சார்" என்று கையைத் தூக்கினான். "ஒண்ணும் சொல்லாதீங்க. எங்க செக் லிஸ்ட்ல கேட்டா மட்டும் சொன்னாப் போதும். ரேட்டே அதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் போட்டிருக்கோம்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அவனுக்குத் தெரிந்தால் அவன் அடுத்தவரிடம் சொல்லவேண்டிவரும், அல்லது தெரிந்தே மறைத்தவன் ஆவான். தெரியாமலே இருந்துவிட்டால்? குதிரைக்குக் கோளாறு என்று தெரிந்தே விற்றவனைப் பற்றித்தான் சட்டத்தின் உதாரணம் பேசுகிறது. தெரியாதவனை யார் கேட்பது? பாம்பு இருக்கும் வீட்டை வாங்கி, அறைகளைத் திறந்தே பார்க்காமல் அப்படியே விற்றுவிடுகிற ஒரு வியாபாரத்தை சிசரோவோ அந்தக் குருவோ சீடரோ யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

விடாமல் சொன்னேன். தண்ணி ஏறின மாட்யூல், புதுப்பேட்டை, ரெண்டு தடவை நின்றது. அவன் மொபைலைப் பார்த்துக்கொண்டே "ஓகே சார், ஓகே சார்" என்றான். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கேட்டுக்கொண்டான் என்று அர்த்தமாகியிருக்கும்.

சர்வீஸ் ரெக்கார்டு ஃபைலைக் கொடுத்தேன். அதில் புதுப்பேட்டைச் சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, முதல் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அடுத்து வாங்குகிறவர் யாராக இருந்தாலும் திறந்தவுடன் கண்ணில் படட்டும் என்று. கடமையை முடித்துவிட்டதாக ஒரு திருப்தி. உண்மையில், நான் சொல்லவேண்டியதை ஒரு பிளாஸ்டிக் உறையைச் சொல்லச் சொல்லிவிட்டு நான் நழுவினேன்.

பையன் அங்கேயே ஃபைலைப் புரட்டினான். இன்சூரன்ஸ், ஆர்.சி., புகைச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துச் சரிபார்த்து ஒழுங்காக அடுக்கினான். உறையை எடுத்தான். பார்ட் நம்பர், தேதி, ரூ.6,000, அடிக்கோடிட்ட 'தண்ணி'. படித்தானா என்று தெரியவில்லை.

"இது வேணாம் சார், நீங்களே வெச்சுக்கங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தெருமுனையில் திரும்பும்போது கார் ஒரு குலுங்கல்கூட இல்லாமல் இரண்டாவது கியருக்கு மாறியது எனக்குக் கேட்டது.

சீட்டு என் மேஜை டிராயரில் இருக்கிறது. ஆறு மாதம் ஆகிறது. கார் யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. அந்த நர்ஸ் பெண்ணின் நம்பர் என் போனில் இன்னும் இருக்கிறது. டீலர்களிடமும் கார் தேடுகிறாள் என்று அவள் கணவன் அன்றைக்குச் சொன்னான். இரண்டு தடவை போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். வெள்ளை நிறம், 2016, நம்பர் பிளேட்டின் கடைசி நான்கு எண்கள். மூன்று வரி மெசேஜ்தான்.